ஏலத்தில் ஏறிய லாடக்கூலி

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிரண்டு ஐப்பசி மாதத்தில், அதாவது ஆங்கிலக் கணக்கில் 1926ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், மயிலாடிக்கு மேற்கே பனையடிவிளை என்னும் ஊரில், வண்டிக்கார ரசலையனின் குதிரை தரைக்கு நான்கு விரற்கிடை மேலே நடக்கத் தொடங்கிற்று. அம்மாதம் கோட்டாற்றுச் சந்தையில் நெல் சற்றே இறங்கியிருந்தது, கருப்பட்டி ஏறியிருந்தது, கருவாடு நின்ற விலையிலேயே நின்றது. குதிரை உயர்ந்த காரணத்தைக் கேட்டறிய எவரும் சோதிடரிடம் போகவில்லை; காரணம் ஊரார் அனைவருக்கும் தெரியும். லாடக்கூலி ஏறிவிட்டது. ஏறியதனால் ரசலையன் தன் குதிரைக்குப் புதிய லாடம் அடிக்கவில்லை. பழைய லாடங்கள் காகிதமாய்த் தேய்ந்து, ஆணி தளர்ந்து, சுசீந்திரம் சாலையில் ஒன்றும் சந்தை வாசலில் ஒன்றுமாகக் கழன்று விழுந்தன. கடைசி லாடமும் விழுந்த அன்று, தன்னை மண்ணோடு பிடித்து வைத்திருந்த இரும்பு போய்விட்டதைக் குதிரை உணர்ந்துகொண்டது; அதன்பின் மண்ணைத் தொடவேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. லாடமே அறியாத குட்டிகள் தரையில்தான் நிற்கின்றன. ஒருமுறை இரும்புக்குப் பழகிய குளம்புதான் இரும்பை இழந்தால் மண்ணை மறந்துவிடுகிறது என்று சந்தையில் விவரம் அறிந்தோர் சொன்னார்கள்.

குதிரை செந்நிறப் பெட்டை. திருநெல்வேலிச் சீமையில் வாங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரசலையனே நடத்திக் கொண்டுவந்தது. அதற்கு அவன் இட்ட பெயர் எஸ்தர். வேதத்தில் வரும் ராணியின் பெயரை மிருகத்துக்கு இடலாமா என்று சபையின் உபதேசியார் ஜஸ்டஸ் கடிந்துகொண்டபோது, “ராணி பேரு இந்தக் குதிரைக்குக் கொள்ளாதுண்ணா, பின்ன ஆருக்குக் கொள்ளும் உபதேசியாரே, எனக்கா?” என்று அவன் கேட்டான். உபதேசியார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெயரை அனுமதித்தார். ரசலையனுக்கும் அவன் மனைவி சத்தியபாய்க்கும் பிள்ளைகள் இல்லை, நிலமும் இல்லை. அக்குதிரை கோட்டாற்றுக்கு ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும், ஓடாவிட்டால் இல்லை.

லாடக்கூலி ஏறிய வகையைச் சொல்லவேண்டும். ஏனெனில் அதைப் போன்ற மூடத்தனம் வேறெந்த ஊரிலும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. கும்பப்பூ என்னும் நெல் போக அறுவடை முடிந்ததும், மாசி மாதத்தில், சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஒவ்வொருவரும் தம் உழைப்பின் பலனில் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பர். ஆராதனை முடிந்தபின் அவை வேதக்கோயில் முற்றத்தில் ஏலம் விடப்படும். அந்த ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் ஆட்டு விலைக்கும், ஒரு சேவல் பசுவின் விலைக்கும் போகும். பக்தியால் பாதி ஏறும். வீம்பால் மீதி ஏறும். ஏலத்தொகை காணிக்கையே அன்றி விலை அன்று. மறுநாள் சந்தையில் எலுமிச்சம்பழம் பழைய காசுக்கே விற்கும். இந்த வேறுபாடு அவ்வூரில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். லாடக்கார ஞானதாசனுக்கு மட்டும் தெரியவில்லை. ஆண்டுதோறும் ஒரு கோழியைக் காணிக்கையாக வைத்துவந்த அவன், ஆயிரத்து நூற்றொன்றாம் ஆண்டு மாசியில், கோழி தன் உழைப்பு அல்லவே என்று மனம் உறுத்தி, நான்கு குதிரை லாடங்களையும் அவற்றுக்குரிய ஆணிகளையும் வாழையிலையில் பரப்பிக் கொண்டுவந்து வைத்தான்.

ஊரில் குதிரை வண்டி இரண்டே. மற்றொன்று சுந்தரராஜுக்கு உரியது. சில ஆண்டுகளுக்கு முன், மயிலாடி வளைவில் ரசலையன் தன் வண்டியைச் சுந்தரராஜின் வண்டிக்கு முன்னே விட்டான். சுந்தரராஜின் வண்டியில் அன்று இருந்தவர் போதகர்; சாலைப் புழுதி முழுவதும் அவருடைய வெள்ளை அங்கியில் படிந்தது. அன்றுமுதல் இருவரும் பேசுவதில்லை. ஒருவன் கோயிலில் தென்புறம் அமர்ந்தால் மற்றவன் வடபுறம் அமர்வான். அவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் வாய் திறப்பது ஆண்டுக்கு ஒருநாள், ஏலத்தில், தொகை சொல்வதற்கு மட்டுமே. குதிரை லாடம் ஏலத்துக்கு வந்தபோது, நான்கு கால்களுக்கும் சேர்த்து லாடக்கூலி எவ்வளவோ அவ்வளவையே, அதாவது பதினான்கு சக்கரத்தை, ரசலையன் முதலில் கேட்டான். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் ஆதலால் அது அரை ரூபாய். சுந்தரராஜ் ஒரு ரூபாய் என்றான். அதன்பின் இருவரும் லாடத்தைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏற்றினார்கள். பதினொரு ரூபாயில் லாடம் ரசலையனுக்கு விழுந்தது. கூட்டத்தில் எவனோ, “லேய் மக்கா, குதிரைக்கு லாடம் அடிக்கியா, மோதிரம் போடுகியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சத்தியபாய் சிரிக்கவில்லை. அவளுக்குச் சீராக வந்த வெண்கல உருளி மறுநாள் கோட்டாற்றுப் பாத்திரக் கடைக்குப் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் ஊரில் ஒரு சிரிப்புக் கதை கூடியிருக்கும், அவ்வளவே. ஆனால் அடுத்து லாடம் அடிக்க வந்த சுந்தரராஜிடம் ஞானதாசன் பதினொரு ரூபாய் கேட்டான். அவன் பேராசைக்காரன் அல்லன். அப்படி இருந்திருந்தால் பேரம் பேசி இறக்கியிருக்கலாம். அவன் நேர்மையாளன், ஆதலால் ஒன்றும் செய்ய இயலவில்லை. “கர்த்தருக்க சமுகத்தில, சபை மொத்தமும் சாட்சியா நிக்க விழுந்த வெல இது. இதுக்குக் கொறச்சு நான் வாங்கினா, அண்ணைக்கு ரசலையன ஏமாத்தினேன்னு அர்த்தமாவும். நான் ஏமாத்துவனா?” என்று அவன் கேட்டான். ஏமாற்றுபவன் என்று அவனைச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. கோட்டாற்று லாடக்காரர்களுக்கு மனச்சாட்சி அவ்வளவு கூர்மை இல்லை. காது கூர்மையாக இருந்தது. செய்தி எட்டிய வாரமே அவர்களும் பதினொரு ரூபாய் ஆக்கினார்கள். மாட்டு லாடம் பழைய கூலியிலேயே நின்றது. ஏலத்தில் விழுந்தது குதிரை லாடம் அன்றோ? காணிக்கை வேறு, கூலி வேறு என்று ஞானதாசனுக்கு எடுத்துரைக்க உபதேசியார் மும்முறை முயன்றார். காணிக்கையில் பொய் சொன்னவர்கள் விழுந்து செத்ததை வேதத்திலிருந்து ஞானதாசன் எடுத்துக்காட்டினான். உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

சுந்தரராஜ் வீம்புக்காரன் ஆகையால் கேட்ட கூலியைக் கொடுத்தான். அதற்காகத் தன் தென்னந்தோப்பை ஒரு பக்கத்திலிருந்து விற்றுக்கொண்டு வந்தான். அவனுடைய குதிரை தரையில் நின்றது, தோப்புதான் குறைந்தது. ரசலையனுக்கு விற்கத் தோப்பு இல்லை. எஸ்தர் உயர்ந்தாள். முதலில் பயணிகளுக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது. குதிரை கல்லில் தடுக்குவதில்லை, வண்டியும் குலுங்குவதில்லை. சுசீந்திரம் பாலத்தருகே காவலர் ஒருவர் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். குதிரைகள் சாலையின் இடப்புறமாக நடக்கவேண்டும் என்பதே விதி. சாலைக்கு மேலே நடப்பதைப் பற்றி விதி ஒன்றும் இல்லாமையால் அவர் வண்டியைப் போகவிட்டார். ஆனால் குதிரை முழங்கால் உயரத்துக்கு ஏறியபோது வண்டி பின்புறமாகச் சாய்ந்தது. கோட்டாற்றுக்குப் போன வக்கீல் ஒருவர் வழுக்கிச் சென்று கருவாட்டு மூட்டையின்மேல் அமர்ந்தார்; நீதிமன்றத்தில் அன்று அவருடைய வழக்கு விரைவாக முடிந்தது. அதன்பின் ரசலையனின் வண்டியில் ஏற ஆளில்லை. மார்கழிக்குள் எஸ்தர் கூரை உயரத்துக்குப் போய்விட்டாள்.

கட்டி வைக்க வலுவான ஒன்று வேண்டியிருந்தது. மயிலாடிக் கல்தச்சர் ஒருவர் இரக்கப்பட்டு, துதிக்கை உடைந்து விலைபோகாமல் கிடந்த பிள்ளையார் சிலையை இரவலாகத் தந்தார். வேதக்காரன் வீட்டு முற்றத்தில் பிள்ளையார் இருப்பதா என்று உபதேசியார் வந்து நின்றார். “குதிரையத்தான் கெட்டியிருக்கேன் உபதேசியாரே, கும்பிடல்ல” என்று ரசலையன் சொல்லிப் பார்த்தான், பயனில்லை. கல்தச்சரும் பெருந்தன்மையோடு பிள்ளையாரை எடுத்துக்கொண்டு, அதே எடையில் ஓர் ஆட்டுக்கல்லைக் கொடுத்தார். கொள்ளும் தண்ணீரும் காட்டுவதற்காகக் காலையும் மாலையும் புருஷனும் பெண்சாதியுமாகக் கயிற்றைப் பிடித்து எஸ்தரை இறக்குவார்கள். தின்று முடித்ததும் கைவிடுவார்கள். கிணற்றில் கைநழுவிய வாளி எவ்வளவு விரைவாகக் கீழே போகுமோ அவ்வளவு விரைவாக அவள் மேலே போவாள். வயிற்றுக்கு வழியாகச் சத்தியபாய் தேங்காய்த் தும்பைக் கயிறாகத் திரிக்கப் போனாள். ரசலையன் பிறர் வண்டிக்கு மாடு ஓட்டினான். சபையார் கூடி ஒருமுறை பதினொரு ரூபாய் திரட்டித் தர முன்வந்தார்கள். லாடம் இரண்டு மாதத்தில் தேயும். அதன்பின் யார் திரட்டுவது? ரசலையன் வேண்டாமென்றான்.

வழியைக் கண்டவள் சத்தியபாய். ஒருநாள் ஞானதாசனின் உலைக்களத்துக்குப் போய், “ஏலத்துல வெல ஏறினா கூலிய ஏத்துனீரே, ஏலத்துல வெல எறங்கினா எறக்குவீரா?” என்று கேட்டாள். ஞானதாசன் சம்மட்டியைக் கீழே வைத்தான். “அதுவும் கர்த்தருக்க சமுகத்தில விழுந்த வெலதானே அக்கா. எறக்கலேண்ணா நான் களவாணி” என்றான். ஆகவே ஆயிரத்து நூற்றிரண்டு மாசிப் பண்டிகைக்கு அவன் மறுபடியும் லாடம் கொண்டுவந்து வைப்பதென்றும், ரசலையன் பழைய பதினான்கு சக்கரம் கேட்பதென்றும், வேறெவரும் வாய் திறப்பதில்லை என்றும் ஊரில் உடன்பாடு ஆயிற்று. தோப்பில் பாதியை விற்றுவிட்டிருந்த சுந்தரராஜும் ஆள்மூலம் சம்மதம் சொல்லியனுப்பினான். ஏலம் தொடங்கிற்று. ரசலையன் பதினான்கு சக்கரம் என்றான். உபதேசியார் ஒருதரம் என்றார், இரண்டுதரம் என்றார். அந்த நொடியில் ரசலையன், எல்லாம் நல்லபடியாக முடிகிறது என்னும் நிம்மதியில், சுந்தரராஜைத் திரும்பிப் பார்த்துவிட்டான். சுந்தரராஜின் வாய் தானே திறந்து, “பன்னெண்டு ரூவா” என்றது. சொன்னவனே திடுக்கிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த ஆண்டு லாடக்கூலி பன்னிரண்டு ரூபாய் ஆயிற்று. எஸ்தர் தென்னை உயரத்துக்குப் போனாள்.

அவ்வாண்டு ஆடிக்காற்றை அவ்வூரார் மறக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் மேல்காற்றில் எஸ்தர் பட்டம்போலக் கிழக்கே சாய்ந்து நின்றாள். ஆட்டுக்கல் முற்றத்தில் ஒரு முழம் நகர்ந்தது. கயிற்றின் பிரிகள் ஒவ்வொன்றாய்த் தெறித்தன. வாங்கிவந்த கணவாய் வழியாகவே குதிரை திரும்பிப் போய்விடும் என்று ரசலையனுக்கு உறுதியாகத் தோன்றிற்று. காற்று ஓயும்வரை அவன் ஆட்டுக்கல்லின்மேலேயே அமர்ந்திருந்தான். சத்தியபாய் கஞ்சியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். அந்த முறை கயிறு தாங்கிவிட்டது. அடுத்த ஆடிக்கு எந்தக் கயிறும் தாங்காது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். “மனுசனுக்க நாக்க நம்பினதுதான் தப்பு” என்றாள் அவள்.

பெண்கள் நாள்தோறும் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைப்பது அச்சபையின் வழக்கம். அந்தப் பிடியரிசி வீடுவீடாகச் சேர்ந்து வரும் பானை சத்தியபாயின் பொறுப்பில் இருந்தது. ஆயிரத்து நூற்றுமூன்று மாசியில், அறுப்பின் பண்டிகையன்று, லாடம் ஏலத்துக்கு வரும் நேரம் பார்த்து, அவள் அந்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். நின்றவர்கள் ஒவ்வொருவரையும் வாய் திறக்கச் சொல்லி ஒரு பிடி பச்சரிசியை உள்ளே போட்டாள். “இது கர்த்தருக்குப் பிரிச்ச அரிசி. துப்பினா பாவம், விழுங்கினா களவு. மூணுதரம் சொல்லி முடிஞ்ச பெறவு சவைக்கலாம், அதுக்குப் பகரமா நாளைக்கு வீட்டுக்கு ரெண்டு பிடி போடணும்” என்றாள். மறுத்துப் பேச எண்ணியவர்கள் உண்டு. ஆனால் எண்ணி முடிப்பதற்குள் அவர்கள் வாய் நிறைந்துவிட்டது. சுந்தரராஜ் தன் பங்கை வாங்கிக்கொண்டு அவளை நிறுத்தினான். அரிசியை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, “மயினி, இன்னுங் கொஞ்சம் போடுங்கோ. எனக்க வாயப் பத்தி எனக்குத் தெரியும்” என்றான். அந்த வீட்டாரிடம் அவன் பல ஆண்டுகளுக்குப்பின் பேசிய முதற்பேச்சு அதுவே. அவள் மறு கன்னத்தையும் நிரப்பினாள். கடைசிப் பிடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

வெறும் வாயோடு இருந்தவர்கள் இருவர்: ஏலம் சொல்லவேண்டிய உபதேசியாரும், தொகை கேட்கவேண்டிய ரசலையனும். வாழையிலையில் லாடங்கள் கிடந்தன. “கேளுங்கோ” என்றார் உபதேசியார். ரசலையன் எழுந்தான், நாக்கு எழவில்லை. எதிரே சபை முழுவதும் கன்னம் உப்பி நின்று அவனையே பார்த்தது. கர்த்தருடைய முற்றத்தில், இத்தனை பேர் முன்னால், அரை ரூபாய் என்று சொல்வதா என்ற வெட்கம் அவன் நெஞ்சில் ஏறிற்று. மரியாதைக்கு ஒரு ரூபாய் என்றால் என்ன? ஒரே ஒரு ரூபாய். அந்தச் சொல் பல்லின் பின்புறம் வரை வந்தும்விட்டது. கூலியை முதன்முதல் ஏற்றிவிட்டது சுந்தரராஜ் அல்லன், ஞானதாசனும் அல்லன், தன் நாக்கில் குடியிருந்த இந்த வீம்புதான் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. அண்ணாந்து பார்த்தான். கோயிலுக்குத் தெற்கே, தென்னைகளுக்கு மேலே, எஸ்தரின் அடிவயிறும் வெறுங்குளம்புகள் நான்கும் தெரிந்தன. தன் குதிரையைக் கீழிருந்து பார்க்க நேர்ந்த வண்டிக்காரன் உலகில் அவன் ஒருவனே.

“பதினாலு சக்கரம்” என்றான்.

உபதேசியாருக்கே மனம் ஒப்பவில்லை. “ரசலையா, ஆலோசிச்சுச் சொல்லு. கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

“கர்த்தர் கேக்கட்டும் உபதேசியாரே. லாடக்காரனும் கேக்கட்டும்.”

ஒருதரம். அரிசி ஊறத் தொடங்கிற்று. இரண்டுதரம். ரசலையன் இம்முறை எவரையும் பார்க்கவில்லை. தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுந்தரராஜின் கழுத்து நரம்பு புடைத்தது; கண்ணில் நீர் கோத்தது; வலக்கை தொகையைக் காட்ட விரல் விரித்து மேலே எழுந்தது. எழுந்த கையை அவனே இடக்கையால் பற்றி இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னே கொண்டுபோய்விட்டான். மூன்றுதரம். கோயில் மணி அடித்தது. அடுத்த நொடி, வைக்கோல் போரில் ஊர் மாடுகள் எல்லாம் ஒன்றாகப் புகுந்ததுபோல, சபை முழுவதும் அரிசி மெல்லும் ஓசை எழுந்தது. அந்தப் பகுதியில் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் சேர்ந்து அடைந்த நிம்மதி வேறொன்று இல்லை. ஞானதாசன் வாய் நிறைய அரிசியோடு தலையை அசைத்தான்; லாடக்கூலி பதினான்கு சக்கரத்தில் வந்து நின்றது. அடக்கி வைத்த நாக்கை என்ன செய்வதென்று தெரியாத சுந்தரராஜ், அடுத்து வந்த பூசணிக்காயைப் பதினொரு ரூபாய்க்குக் கேட்டான். அவ்வூரில் பூசணி ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் சும்மா காய்த்ததால், விற்பாரும் வாங்குவாரும் இன்றி, அந்த விலையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

சபையார் அனைவரும் கயிற்றைப் பிடித்து எஸ்தரை இறக்கினார்கள். ஞானதாசன் கோயில் முற்றத்திலேயே லாடம் அடித்தான். முதல் லாடம் ஏறியதும் அந்த ஒரு கால் மட்டும் தரைக்கு வந்தது. ராணி ஒருத்தி விருப்பமில்லாமல் படி இறங்குவதுபோல மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஆணியை மடக்கியபோது குளம்புக்குக் கீழே புழுதி எழுந்தது. சத்தியபாய் குனிந்து, குளம்புக்கும் மண்ணுக்கும் இடையே விரலை நுழைக்க முயன்றாள், நுழையவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்று சொன்னாள். ரசலையனும் சுந்தரராஜும் அன்று அருகருகே அமர்ந்து உண்டார்கள். வண்டியில் போதகர் இருக்கும்போது வளைவில் முந்துவதில்லை என்பதொன்றே அவர்களிடையே செய்துகொள்ளப்பட்ட சமாதானம். மற்ற நாட்களில் முந்துவதற்குத் தடையில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஞானதாசன் பண்டிகைக்குக் கோழியே கொண்டுவந்தான்.

அதன்பின் ஆண்டுகள் அமைதியாகச் சென்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சத்தியபாய் விரலை நுழைத்துப் பார்ப்பாள். நுழைந்தால் லாடம் அடிக்க நாளாயிற்று என்று பொருள். ஆயிரத்து நூற்றுப் பத்தை நெருங்கியபோது கோட்டாற்றுச் சாலையில் பேருந்துகள் பெருகின. சுந்தரராஜ் வண்டியை விற்றுவிட்டு, மிச்சமிருந்த தென்னைகளுக்கு உரம் வைத்தான். ரசலையன் தும்புக் கயிறு வியாபாரத்தில் மனைவியோடு சேர்ந்துகொண்டான். எஸ்தருக்கும் வயதாகிவிட்டது. ஓட வேண்டியதில்லை, இழுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு மாசியில் லாடம் தேய்ந்து கழன்றபோது புருஷனும் பெண்சாதியும் அதைப் பொறுக்கிப் பரணில் போட்டுவிட்டு, லாடக்காரனுக்குச் சொல்லியனுப்பாமல் இருந்துவிட்டார்கள். “போவட்டும். முட்டு நோவுக்கு மேல நிக்கதுதான் அதுக்குச் சொகம்” என்றான் ரசலையன். எஸ்தர் நிதானமாக, நாளுக்குச் சிறிதாக, கூரை வரைக்கும், பின் தென்னை வரைக்கும் போய் அங்கேயே நின்றாள். சாலையில் போகிறவர்கள் அவள் காற்றில் சாயும் பக்கத்தைப் பார்த்து மழை வருமா என்று அறிந்துகொண்டார்கள். ஆடிக்காற்றுக்கு முன் கயிற்றை மட்டும் ஆண்டுதோறும் மாற்றினார்கள். நல்ல தும்புக் கயிறு, அன்றைய விலைக்கு, லாடத்தைவிட மலிவு.